உறங்கும் நடுவர்

நுண்ணோக்கியின் வெளிச்சம் மூளைத்தண்டின்மேல் நகக்கண் அளவுக்கு விழுந்திருக்கிறது. அந்தச் சின்ன வட்டத்துக்குள், ஏற்கெனவே ஒருமுறை கசிந்த ரத்தக்குழாய் முடிச்சு முசுக்கொட்டைப் பழம்போல் கறுத்துத் திரண்டிருக்கிறது. மருத்துவர் அதை மெல்ல மெல்லப் பிரிக்கிறார்; கையில் அவசரமே இல்லை. படுத்திருப்பவர் கால்பந்து நடுவர். "உயிரைக் காப்பாத்திடுவீங்க, தெரியும். உதடும் வேணும் டாக்டர், விசில் அடிக்கணுமே" என்று காலையில் சொன்னவர் இப்போது மயக்கத்தில் இருக்கிறார். அவர் உதட்டோரத்தில் குத்திய மெல்லிய ஊசிகளின் கம்பிகள் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக்குப் போகின்றன. உதட்டை அசைக்கும் முகநரம்பைச் சீண்டினால் ஒலிபெருக்கி கடுகு வெடிப்பதுபோல் பொரியும். இதோ, பொரிகிறது. "நடுவர் ஃபவுல்ங்கறாரு மேடம்" என்கிறார் திரையைப் பார்த்திருக்கும் டெக்னீசியன் பெண். மருத்துவர் கருவியை விலக்கி, வெதுவெதுப்பான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருக்கிறார். சத்தம் அடங்குகிறது. "கோவம் தணிஞ்சுதா?" "தணிஞ்சுது மேடம்." மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறார். முடிச்சு முழுசாகக் கழன்று வருகிறது. குழியில் துளி ரத்தமில்லை. காலையிலிருந்து எந்தச் சத்தத்துக்கு எல்லோரும் பயந்தார்களோ, அதையே இப்போது அவர் தேடுகிறார். நரம்பு இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, அது இருக்கும் இடத்தை மின்முனையால் தொடுகிறார். ஒலிபெருக்கி பேசவில்லை. மயக்க மருத்துவரின் பேனா நிற்கிறது. "கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டும்மா" என்கிறார் மருத்துவர், குரல் மாறாமல். டொக், டொக், டொக். யாரும் பார்க்க முடியாத பச்சைத் துணிக்கடியில், நடுவரின் உதடு ஒவ்வொரு ஒலிக்கும் குவிகிறது.