ஒன்பதடிக் குடில்

நகராட்சிக் கவுன்சில்காரர் தோட்டத்து மரக்குடிலை அளக்க நாடாவை இழுத்ததுமே, பக்கத்து வீட்டு டெரெக் வேலிக்கு மேல் தலையை நீட்டி இளித்தான்.

"என்ன பாலின், ஸ்டேஷனை இழுத்து மூடப் போறாங்களா?"

பாலின் சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். "பாத்தியா அந்த மூஞ்சியை! புகார் கொடுத்தது இவனேதான். சந்தேகமே இல்ல."

அவள் கணவர் க்ளைவ் நிமிரவில்லை. பாத்திரம் துலக்கும் தொட்டியோரம் நின்றபடி, பொம்மை ரயிலுக்கான சுண்டு விரல் நீளச் சரக்கு வேகன் ஒன்றுக்கு மெல்லிய தூரிகையால் துருவைத் தீட்டிக்கொண்டிருந்தார். நேற்றுதான் ஒட்டி முடித்த வேகன். ஐம்பது வருடம் மழையில் நனைந்தது போலத் தெரிந்தால்தான் அவருக்குத் திருப்தி.

"அதை எதுக்கு மறுபடி வீட்டுக்குள்ள கொண்டு வந்தே?"

"அவர் அங்க அளக்குறாரு. இடைஞ்சலா இருக்கக் கூடாதில்ல?"

இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசை பாலினுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது சரக்கு வேகன்களின் தொழிற்சாலை. கிறிஸ்துமஸ் வான்கோழியை அவள் இஸ்திரிப் பலகையில் வைத்துத்தான் அறுத்தாள். ஒருமுறை மகனின் மாமியார் சாலட்டிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் தட்டோரம் வைத்தார்.

க்ளைவ் ஓய்வு பெற்ற அன்றே அவள் தோட்டத்துக்கு ஒரு மரக்குடில் வாங்கிவிட்டாள். அவர்தான் அதைப் பொருத்தி நிறுத்தினார். அதற்குத் திரைச்சீலை வாங்கப் போன இடத்தில்தான் மானம் போயிற்று. நிஜ உலகத்தின் ஓர் அடி, க்ளைவின் ரயில் உலகத்தில் நாலு மில்லிமீட்டர். ஆறடித் துணி வேண்டும் என்பதற்குப் பதில் "இருபத்துநாலு மில்லிமீட்டர் குடும்மா" என்றார். கடைக்காரப் பெண் பாலினைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

போகட்டும். மேசை திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு மாதமாக அதன் மேல் வெள்ளை விரிப்பும், நடுவில் பூக்களும் இருக்கின்றன. இப்போது அதற்கும் உலை வைத்துவிட்டான் டெரெக்.

கவுன்சில்காரர் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சின்ன வயது. பாலின் அவரை வெள்ளை விரிப்பின் முன் உட்கார வைத்து, காலையிலேயே சுட்டு வைத்திருந்த எலுமிச்சைக் கேக்கைப் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள்.

"உயரம் ஒன்பதடி இருக்கு மேடம். வேலிக்கு இவ்வளவு பக்கத்துல எட்டடிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் அனுமதி. முக்கால் அடி அதிகம்."

பாலின் க்ளைவ் பக்கம் திரும்பினாள். "ரயில் பெட்டியில அரை மில்லிமீட்டர் பிசகினா ராத்திரி தூங்க மாட்டே. இதுல எப்படிய்யா முக்கால் அடி பிசகினே?"

"ஈரம் ஏறக் கூடாதுன்னு அடியில செங்கல் வச்சேன்."

"செங்கல்லா? மாளிகைன்னு நெனப்பு!" என்றவள், சட்டென்று குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "தம்பி, அது வெறும் ஷெட் இல்லப்பா. இந்த நாட்டோட ரயில் சரித்திரமே அதுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு வேகனும் ஒரு கலைச்செல்வம்."

இருபது வருடமாக அவள் அவற்றைக் குப்பை என்றுதான் சொல்லி வந்தாள். க்ளைவின் தூரிகை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"கேக் ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார் கவுன்சில்காரர். "ஆனா ஷெட்டை எடுத்துடணும்."

பாலின் கேக் வெட்டிய கத்தியோடு எழுந்தாள்.

"எங்க போறே?" என்றார் க்ளைவ்.

"டெரெக்கைப் பாக்க."

"கத்தியை வச்சிட்டுப் போ."

"மேடம், மேடம்!" கவுன்சில்காரர் பதறிப்போய் வழி மறித்தார். "யார் மேலயும் பாயாதீங்க. புகார் பண்ணினது யாருன்னு எங்களுக்கே தெரியாது. பேர் சொல்லாம ஃபோன்லதான் பேசினாரு. அதையும் நாங்க முதல்ல விளையாட்டுன்னுதான் நெனச்சோம்."

"ஏன்?"

"ஷெட்டோட உயரம் முப்பத்தாறு மில்லிமீட்டர்னு சொன்னாரு. தீப்பெட்டி சைஸுக்கு ஒரு ஷெட்! ஆபீஸே அன்னைக்குச் சிரிச்சுது."

பாலின் சிரிக்கவில்லை. மனதுக்குள் முப்பத்தாறை நாலால் வகுத்தாள். இன்னொரு முறை வகுத்தும் ஒன்பதுதான் வந்தது. கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

கவுன்சில்காரர் கிளம்பினார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் க்ளைவின் முன்னால் வந்து நின்றாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையை அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஷெட்ல உனக்கு என்னய்யா குறைச்சல்? ஹீட்டர் வச்சேன். லைட் போட்டேன். டீ போட்டுக்கக் கெட்டில்கூட வாங்கிக் கொடுத்தேன்!"

க்ளைவ் குழாயை மூடினார்.

"அங்க என்னைத் திட்ட ஆளே இல்லியே, பாலின்."