விடுதியில் முட்டை கிடையாது

"முட்டையை நிறுத்தினது யாரு சார்? அதை மட்டும் சொல்லுங்க."

பதிவாளர் கோகுலகிருஷ்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். விழுப்புரம் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் அங்கேதான் எழுதியிருக்கும் போல.

"ஆட்சிக்குழு முடிவும்மா."

"ஆட்சிக்குழுவா கபடி ஆடப் போவுது? என் பொண்ணுதானே ஆடறா. முட்டையை நிறுத்தினதுலருந்து ஆர்த்தி ரெண்டு வாட்டி மைதானத்துலயே மயங்கி விழுந்துட்டா."

"விடுதிக்குப் புதுசா உணவுக்கூடம் கட்டிக் கொடுத்தவர் ஜைனர்மா. திண்டிவனத்துல மல்லாட்டை மண்டி வெச்சிருக்காரே, அஜிதநாத நயினார். அவர் மனசு கோணக்கூடாது பாருங்க."

"அவர் நிறுத்தச் சொன்னாரா?"

"எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியுமாம்மா?"

சித்ரா எழுந்துவிட்டாள். "ஒரு ஆளு மனசு கோணாம இருக்க அத்தனை பொண்ணுங்க வயித்துல அடிப்பீங்க. இதுக்குப் பேரு பல்கலைக்கழகம்."

வெளியே வந்து அந்தப் புதுக் கூடத்தை ஒரு முறை முறைத்தாள். வாசலுக்கு மேலே சதுரமாகக் காரை பெயர்ந்து செங்கல் பல்லிளித்தது. திறப்பு விழா நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தர்மத்துக்குக் கட்டினால் இந்த லட்சணம்தான்.

திண்டிவனம் பஸ்ஸில் வழியெல்லாம் நாக்கைத் தீட்டிக்கொண்டே போனாள். அந்த வேர்க்கடலை மண்டிக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கொட்டிவிட்டாள்.

"இங்க பாருங்க நயினார், நீங்க சாப்பிடலையா, சாப்பிடாதீங்க. எங்க புள்ளைங்க தட்டுல கை வெக்க நீங்க யாரு? கூடம் கட்டிக் கொடுத்தா வயித்தையும் சேத்து எழுதி வாங்கிக்குவீங்களா?"

அஜிதநாதன் முழுசாகக் கேட்டுவிட்டு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. நெறையப் பேரு போன்லதான் திட்டினாங்க. நேர்ல வந்தது நீங்கதான்."

"மழுப்பாதீங்க."

"நான் முட்டையைத் தொட்டதில்ல. எங்க வூட்ல யாருமே தொட்டதில்ல. அதுக்காக, வளர்ற பொண்ணுங்க என்ன சாப்புடணும்னு சொல்ல நான் யாரும்மா? முட்டை வெலை ஏறிச்சு, நிறுத்திட்டாங்க. கேக்கறவங்களுக்கு என்னைக் கை காட்டிட்டாங்க."

"இப்படி யாரு வேணா சொல்லலாமே."

அவர் மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

சுவரோரம் ஒரு கருங்கல் பலகை சாய்ந்திருந்தது. விளிம்பெல்லாம் சிமெண்டுக் காரை. நடுவில் பொன் எழுத்து: 'தர்மதேவி உணவுக்கூடம்.'

"எங்கம்மா பேரும்மா. போன வாரம் கொத்தனாரைக் கூட்டிக்கினு போய் நானே பேத்துக்கினு வந்துட்டேன். புள்ளைங்க தட்டுல முட்டை வர்ற அன்னிக்கு, எங்கம்மாவும் அங்க திரும்பிப் போவாங்க."