எண்ணெய் தின்னும் தேமல்

அஞ்சலை தன் மகள் தவமணியின் பின்னலை ஒதுக்கி, கழுத்தைக் காட்டினாள். தோள்வரை வெள்ளை வெள்ளையாகத் தேமல்.

“அடுத்த மாசம் கம்போங் ராஜா ஊர்லேருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க, டிரஸ்ஸரய்யா. இந்தக் குளிருல உறைஞ்ச தேங்காயெண்ணெயை அடுப்புல காட்டித் தெனமும் தேய்ச்சு விடுறேன். போவ மாட்டேங்குது.”

தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஞானமுத்து சிரித்தார்.

“எண்ணெயாலதான் வளருது. ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டு இருக்குல்ல, இதுவும் அந்தச் சாதிதான். ஆனா அது தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செஞ்சுக்கும். இதுக்கு அது வராது. நம்ம தோலுல ஊறுற எண்ணெயைத் தின்னுதான் பிழைக்குது. நீ தேய்ச்சா அதுக்கு விருந்து லா!”

“அப்ப இன்னையோட நிறுத்திடுறேன்,” என்றாள் அஞ்சலை. தவமணியும் தலையாட்டினாள். டிரஸ்ஸர் களிம்பு கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். தேமல் கன்னம்வரை ஏறியிருந்தது.

“வெண்குஷ்டம்னு நினைச்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிட்டாங்க. உங்க மருந்து சுத்த வேஸ்ட்டு லா!” என்று சீறிய அஞ்சலை, கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டதென்று மகளை விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

டிரஸ்ஸர் தவமணியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் வழுக்கியது.

“எண்ணெயை நிறுத்தச் சொன்னேனே?”

“அம்மா நிறுத்திட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம நான்தான் தேய்ச்சேன்.”

“எதுக்கும்மா?” என்றார் டிரஸ்ஸர்.

“நர்ஸ் டிரெய்னிங்குக்கு லெட்டர் வந்திருக்குங்கய்யா. ஜூன்ல ஈப்போ போவணும். இப்ப நிறுத்தினா அதுக்குள்ள மறைஞ்சிடுமா?”