மூன்று தோணிப் பாய்கள்

“பொம்பிளை தைச்ச பாயை விரிச்சுக்கொண்டு நான் கடலுக்குப் போறதா? ஏலாது!” என்றார் அபூதாஹிர்.

கிண்ணியா மீனவர் சங்கத்தில் எல்லோருக்கும் அண்ணன் முறையில் அவர் ‘காக்கா’; அவர் சொன்னால் சொன்னதுதான். யுத்தத்தைக் காரணம் காட்டி எஞ்சின்களுக்குத் தடை போட்டிருந்த வருடம் அது. தோணிகளெல்லாம் மறுபடியும் பாய் விரித்து ஓட வேண்டிய நிலை. பாய்த்தோணி ஓட்டுவதில் குடாவிலேயே அவரை அடிக்க ஆளில்லை.

சங்கத்துக்கு முப்பது பாய்கள் தேவை. அந்த வேலையைக் கேட்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். அஸீமுக்குக் கிண்ணியாவில் கடை, இராசதுரைக்குத் திருகோணமலை டவுனில் கடை. ஸல்ஹாவுக்கு இருந்தது வீட்டில் ஒரு தையல் மெஷினும் தகப்பன் இல்லாத மூன்று பிள்ளைகளும்தான். இந்த வேலையை விட்டால் சொந்தப் பேரில் பிழைக்க அவளுக்கு வேறு வழியில்லை.

“பேரைப் பாக்காம பாயைப் பாருங்க காக்கா. தைச்ச ஆள்ட முத்திரையை மறைச்சிட்டு ஓட்டுங்க. என்ட பாய் மோசமெண்டா நான் பேசாமப் போயிடுறன்” என்றாள் ஸல்ஹா.

“மறைச்சா என்ன புள்ள? கயிறு கையில இருந்தாப் போதும். எது நல்ல பாயெண்டு கை சொல்லிப்போடும்.”

சங்கத் தலைவர் முனாப் மூவருக்கும் ஒரே துணியை அளந்து கொடுத்தார். பத்து நாளில் மூன்று பாய்களும் வந்தன. மூலையில் இருந்த முத்திரைகளின் மேல் அவரே பெயின்ட் அடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமும் போட்டார்.

அபூதாஹிர் ஒரே தோணியில் ஒவ்வொன்றாகக் கட்டி ஓட்டினார். கரைக்கு வந்தபோது முகம் சரியில்லை.

“எது நல்லம் காக்கா?” என்று கேட்டார் முனாப்.

“இன்னொருக்கா ஓட்டோணும்.”

மறுபடியும் ஓட்டினார். கடலில் இறங்க நேவி கொடுத்த நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போதுதான் திரும்பி வந்தார்.

“மூண்டும் ஒண்டுதான். ஒரு வித்தியாசமும் இல்ல.”

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “காக்காக்கு வயசு போயிட்டு!” என்று யாரோ ஒருவன் சத்தமாகவே சொன்னான். அபூதாஹிருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முனாப் காதருகே குனிந்தார். “சும்மா ஒரு நம்பரைச் சொல்லி மானத்தைக் காப்பாத்துங்க காக்கா.”

“மானம் போனாப் போகட்டும். இல்லாத வித்தியாசத்தை இரிக்கெண்டு சொல்ல ஏலாது. இன்னும் பத்துத் தரம் ஓட்டச் சொல்லுங்க, ஓட்டுறன். இதைத்தான் சொல்லுவன்!”

“அப்ப வேலையை ஆருக்குக் குடுக்கிற?” என்று முனாப் கையை விரித்தார்.

“ரெண்டு கடையில ஒண்டுக்குக் குடுங்க. மனுசனுக்குக் கையும் மரத்துப் போச்சு” என்றது கூட்டம்.

ஸல்ஹா அபூதாஹிருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“காக்காட கை பிழைக்கல்ல. இந்த ரெண்டு கடைக்கும் தடை வந்த நாளில இருந்து, என்ட பேர் வெளிய வராம, நான்தான் பாய் தைச்சுக் குடுக்கிறன். இந்த மூண்டும் என்ட மெஷின்ல தைச்சதுதான்!”