ஜோவிதா கொடுத்த சிப்பாய்

மாதா கோயில் திருவிழாவுக்காக நடக்கும் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் சிவப்பு வெயில் பலகையில் பாதியை நனைத்திருக்கிறது. இரண்டாவது நகர்த்தலிலேயே ஜோவிதா தன் வெள்ளைச் சிப்பாய் ஒன்றை வெட்டுக்கு வைக்கிறாள். எதிரே இருக்கும் செல்வநாதன், போன வருஷம் கோப்பை வாங்கியவர், உச்சுக் கொட்டுகிறார். “அவசரத்துல வச்சிட்டியேம்மா. திரும்ப எடுத்துக்க, நான் ஒண்ணும் சொல்லல.” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஜோவிதாவுக்குக் காது மடல் சுடுகிறது. நடுக்கட்டத்தில் நிற்கும் அவருடைய சிப்பாயை ஓரத்துக்கு இழுக்கத்தான் இதைக் கொடுக்கிறாள். ஆண் பிள்ளை எவனாவது வைத்திருந்தால் இதற்குப் பெயர் தந்திரம். “வச்சது வச்சதுதாங்க சார்,” என்கிறாள். அவர் வெட்டி, அந்த வெள்ளைச் சிப்பாயைக் கொட்டைப்பாக்கு மாதிரி விரல்களில் உருட்டுகிறார். வெட்டிய இடத்தை விட மனமில்லாமல் அதற்குக் காவலாக இன்னொரு சிப்பாய், அதற்கும் காவலாக மற்றொன்று என்று நகர்த்திக்கொண்டே போகிறார். வெளியே பேண்டுக்காரர்கள் ட்ரம்மைத் தட்டிப் பார்க்கிறார்கள். சிப்பாய்கள் விலகியதில், மூலையிலிருக்கும் அவருடைய யானையை எட்டும் குறுக்குப் பாதை இப்போது திறந்து கிடக்கிறது. ஜோவிதா தன் ராணியை எடுத்து அந்தப் பாதையில் வைக்கிறாள். யானை போகும், இல்லை அதை மறைக்க வரும் குதிரை போகும். யாரும் சிரிக்கவில்லை. செல்வநாதனின் விரல்கள் நிற்கின்றன. வெள்ளைச் சிப்பாயை மெல்ல அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார். “விளையாட்டுதானேம்மா. மறுபடி முதல்லேருந்து வைப்போமா?” ஜோவிதா அதை ஒற்றை விரலால் அவரிடமே தள்ளுகிறாள். “அது உங்களுக்குக் குடுத்ததுதாங்க சார். வச்சுக்கங்க.”