தானாக நின்ற சத்தம்

“போன வருஷம் இந்தக் கண்டென்சரைக் கழுவி மூடினோமே, அன்னிக்கு ராத்திரி பூரா உள்ளே டொக் டொக்குன்னு சத்தம் லா, சிரில். பைப்புல காத்துன்னு விட்டுட்டோம். விடியறப்ப தானா நின்னுடுச்சு. இப்ப லீக் ஆவுது.”

போர்மேன் வாசு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சிரில் தன் சோதனைப் பெட்டியைத் திறந்தான். மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை டொரத்தியின் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் கடைசியாக வேலைக்கு வந்த இடம் இது. போன வருஷம் இதே கண்டென்சரைக் கழுவக் கான்டிராக்டில் வந்தவன். அன்று காலை அவளோடு சண்டை போட்டு, இனி வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று கத்திவிட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

பெட்டாலிங் ஜெயாவில் எவளோடோ குடித்தனமாம். யார் பார்த்தது? ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூசை முடிந்து பெண்கள் டொரத்தியைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

“கோவம் தணிஞ்சா வந்துருவாரு அண்ணே” என்பாள். சிரில் எரிந்து விழுவான்.

கண்டென்சர் என்பது நீராவியைக் குளிரவைக்கிற பெரிய இரும்புக் கூடு. உள்ளே அடுக்கடுக்காய்ப் பித்தளைக் குழாய்கள். ஆள் நுழையும் மூடி மேலே.

சிரில் மின்சுருளைக் குழாய் குழாயாக உள்ளே விட்டு இழுத்தான். பெட்டியின் திரையில் பச்சைக் கோடு ஆடுகிற ஆட்டத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாத பழுது எங்கே, எவ்வளவு ஆழம் என்று கணிப்பது அவன் வேலை.

ஓரக் குழாய்களில் கோடு துள்ளியது.

அரிப்பு இல்லை. நசுங்கல். குழாயின் வெளிப்புறத்தில் விழுந்த அடி.

மூடின கூட்டுக்குள் போய் அடித்தது யார்?

மேல் வரிசையில் ஆழமான அடிகள். நின்றுகொண்டு ஓங்கி அடித்தால் அப்படி விழும். நடு வரிசையில் ஆழம் குறைந்தது. உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் இன்னும் குறைவு.

கழுவ வருகிறவர்களுக்குத் தெரியும், தடித்த கூட்டைத் தட்டினால் வெளியே கேட்காது, குழாயைத் தட்டினால் மறுமுனையில் கேட்கும்.

சிரில் சுருளைக் கீழ் வரிசைக்கு மாற்றினான்.

அடிவரிசையில் கோடு லேசாகத்தான் அசைந்தது. பக்கத்திலேயே, குழாயை ஒட்டி இரும்பு ஏதோ கிடப்பதாகக் காட்டியது. ஸ்பேனர் அளவு.

“வாசு அண்ணே! மூடியைத் திறங்க!”

பாவி, எத்தனை தடவை ஸ்டானிஸ்லாஸை ஓடுகாலி என்று திட்டியிருப்பான்!

ஸ்பேனர் போட்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார்கள். சிரில் தரையில் உட்கார்ந்துவிட்டான். டொரத்தி சொன்னது சரிதான். கோபம் அன்றைக்கே தணிந்துவிட்டது. வீட்டுக்கு வரத்தான் அவன் விடிய விடியத் தட்டியிருக்கிறான்.