கண்டக்டரின் ஒரே வாசகி

"இது நெசமா நடந்ததுங்களா, இல்ல நீங்களா எழுதுனதுங்களா?"

கந்தசாமி சிரித்துக்கொண்டார். ஏற்காடு கோடை விழாவில், மகளிர் குழு ஊறுகாய்க் கடைக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் நடுவே அவருக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். அதன்மேல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு, காலையில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. கேட்டது அம்மணி. எஸ்டேட்டில் வேலை செய்கிற அந்தம்மா இதே கேள்வியைக் கேட்பது இது மூன்றாவது தடவை.

"அத்தனையும் கற்பனைங்கம்மா. எம் மண்டையில உதிச்சதுங்க" என்றார், தானும் மூன்றாவது தடவையாக.

அது பச்சைப் பொய். கந்தசாமி சேலத்திலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறி ஏறும்போது ஜனங்கள் மனசுவிட்டுப் பேசுவார்கள். கண்டக்டரை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. கம்பி, ஜன்னல் மாதிரி அவரும் வண்டியில் ஒரு சாமான். டிக்கெட் கிழித்துக்கொண்டே காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்து, ஓய்வு பெற்ற கையோடு பெயரை மட்டும் மாற்றிப் புத்தகமாக்கிவிட்டார். எழுத்தாளன் என்றால் கற்பனை வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து இந்தப் பொய்யும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அச்சிட்டது ஐம்பதே ஐம்பது பிரதி. அது தீர்ந்தால் ஐந்நூறு அடித்து நூலகங்களுக்கும் அனுப்பலாம், தீராவிட்டால் அத்தோடு விட்டுவிடலாம் என்று பதிப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் தன்னைப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர கந்தசாமிக்கு வேறு ஆசை கிடையாது. சொந்தக்காரர்களோ, நேரம் கிடைக்கும்போது வாங்குவதாகச் சொன்னார்கள். யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே எங்கே கூட்டம் கூடினாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். விற்பதற்கு அவரிடம் இருந்தது கண்டக்டர் குரல் ஒன்றுதான். முதல் கதையைப் பாதிவரை உரக்கச் சொல்வார். காப்பிப் பழம் பறிக்கப் போன ஒருத்தி, செடியடியில் சாக்கில் சுற்றிப் போட்டிருந்த பச்சைக் குழந்தையைக் கண்டெடுக்கிறாள். இடது காலில் ஆறு விரல். பிள்ளையில்லாத அவளும் புருஷனும் யாரிடமும் மூச்சுவிடாமல், குழந்தையோடு வேறு எஸ்டேட்டுக்கே குடிபோய்விடுகிறார்கள். மீதி புத்தகத்தில் என்று அங்கே நிறுத்துவார். ஜனங்கள் மீதியைத் தாங்களே ஊகித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நாகலூர் பள்ளி ஆண்டு விழாவில் நகராமல் நின்றது அம்மணி மட்டும்தான். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து புத்தகம் வாங்கிப் போனார். மஞ்சக்குட்டை மாரியம்மன் பண்டிகையில் பத்து வாங்கினார். கூலி வேலைக்குப் போகிற பெண் இத்தனை வாங்குகிறாரே என்று கந்தசாமி முதலில் திகைத்தார். பிறகு, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று தானே முடிவுகட்டி மனம் குளிர்ந்தார். தனக்கென்று ஒரு வாசகி இருப்பதாகவும், ஊர் ஊராகத் தேடி வருவதாகவும் மனைவி தனலட்சுமியிடம் பெருமையாகச் சொன்னார். தனலட்சுமி அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

அம்மணி இன்று பெரிய அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"இருக்கறது அத்தனையும் இதுல போட்டுருங்க."

கந்தசாமிக்குக் கை ஓடவில்லை. ஊறுகாய்க் கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கைமாற்றாகவோ, சீட்டு எடுத்தோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் பணத்தை வாங்கிக்கொண்டார். சந்தோஷம் அவரைப் பேச வைத்தது. ஐம்பதும் தீர்ந்தது, இனி ஐந்நூறு அடிப்பார்கள், மலையிலே நூலகம் இருக்கிற ஊருக்கெல்லாம் போகும், எல்லாம் உங்கள் புண்ணியம் என்றார். அதோடு, இன்னும் கால் மணி நேரத்தில் அந்த முதல் கதையை மேடையில் மைக் வைத்துத் தானே வாசிக்கப் போவதாகவும் சொன்னார். இருந்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார்.

புத்தகங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த அம்மணியின் கை நின்றது.

"தீந்துட்டா இன்னும் அடிப்பாங்களா?"

"அடிக்காம? அதுக்குத்தானுங்களே இத்தன பாடு. அது கெடக்குது, உங்களுக்கு எந்தக் கத நொம்பப் புடிச்சுதுங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

கந்தசாமி அதை விளையாட்டென்று நினைத்தார். அந்தம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. அப்படியானால் வாங்கிய பதினைந்தையும் யார் படிக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆரும் படிக்கலீங்க. அன்னன்னைக்கே அடுப்புல போட்டுட்டனுங்க."

கந்தசாமி இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பயணிகளிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். எதுவும் இப்படி வலித்ததில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேடையிலிருந்து, அடுத்ததாக எழுத்தாளர் கந்தசாமி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள்.

அம்மணி மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்த ஆறு வெரலுக்காரன் பேரு மாதேசுங்க. அடுத்த மாசம் கண்ணாலம், வர்ற மருமக நல்லாப் படிக்கற புள்ள. இன்னைக்கு வரைக்கும் நாந்தான் பெத்தவன்னு நெனச்சுக்கிட்டிருக்கானுங்க."